காகிதப் பூவைச் சூடிப் பார்த்துச் செய்யுங்கள்

கேள்வி:



வரும் மே மாதம் நாகர்கோவிலில் என் தங்கைக்குத் திருமணம். காலையில் கோவிலில் திருப்பலி, சாயங்காலம் மண்டபத்தில் வரவேற்பு. தங்கை வெள்ளைப் பட்டு உடுத்தித் தலையில் நெட் போடுகிறாள். தோழிப்பெண்கள் மூன்று பேர், முன்னால் பூத்தூவிப் போகும் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். மாப்பிள்ளை, மாப்பிள்ளைத் தோழன், இரண்டு வீட்டு அப்பாமார், மாமாமார் என்று கோட்டில் பூக் குத்துகிறவர்கள் எட்டுப் பேர்.

போன வருடம் சித்தி மகள் கல்யாணத்தில், காலையில் வாங்கிய பூச்செண்டுகள் மத்தியானச் சாப்பாட்டுக்குள் வாடிவிட்டன. சாயங்காலப் படங்களில் தோழிப்பெண்கள் வெறுங்கையோடுதான் நிற்கிறார்கள். அதனால் இந்த முறை தோழிப்பெண்களின் செண்டு, பிள்ளைகளின் தலைவளையம், கோட்டுப் பூ எல்லாவற்றையும் காகிதத்தில் நானே செய்ய ஆசைப்படுகிறேன். பள்ளியில் க்ரேப் காகிதத்தில் ரோஜா செய்த பழக்கம் மட்டும் உண்டு.

அம்மாவுக்கு இதில் மனமில்லை. "கல்லறைக்கு வைக்கிறது மாதிரி இருக்கும்" என்கிறார்கள். எந்தக் காகிதம் வாங்க வேண்டும்? வியர்வையில் சாயம் இறங்காதா? எத்தனை நாள் முன்னால் தொடங்கினால் முடிக்கலாம்?

ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்:



தாராளமாகச் செய்யலாம். நீங்கள் சொல்லும் அளவு வேலை ஒருவர் மாலை நேரங்களில் உட்கார்ந்து முடிக்கக்கூடியதுதான். ஆனால் கத்தரிக்கோலை எடுக்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். நீங்கள் செய்யப்போவது மேடை அலங்காரம் அல்ல, ஆட்கள் சூடிக்கொள்ளும் பூ. மேடையில் ஒட்டிய பூவுக்குத் தூரத்துப் பார்வைக்கு அழகாக இருந்தால் போதும். ஆள் சூடும் பூவின்மேல் வியர்வை படும், தலை எண்ணெய் படும், வாழ்த்த வருகிறவர்களின் அணைப்பு விழும், குழந்தையின் கை இழுக்கும். அத்தனையையும் அது காலையிலிருந்து இரவு வரை தாங்க வேண்டும். எந்தக் காகிதம், எந்தப் பசை, எவ்வளவு எடை என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இதிலிருந்துதான் வருகிறது.

அம்மாவின் தயக்கம்

அதைத் தள்ளிவிடாதீர்கள். அம்மாவின் கண்ணில் நிற்பது பளபளக்கும் தாளிலும் பிளாஸ்டிக்கிலும் செய்து, வட்டமாகக் கட்டிக் கல்லறையில் சார்த்தும் வளையம். அந்தச் சாயல் வருவதற்குக் காரணம் காகிதம் அல்ல. ஒரே அச்சில் வெட்டிய இதழ், கண்ணைக் குத்தும் நிறம், எல்லாப் பூவும் ஒரே அளவில் ஒரே பக்கம் பார்த்து நிற்பது ஆகிய மூன்றும்தான் காரணம். இவற்றைத் தவிர்த்தால் அந்தச் சாயலும் போய்விடும்.

மகிழ்ச்சிக்குக் காகிதப் பூவை நம்பும் ஊர்களும் உண்டு. போர்ச்சுகலில் காம்போ மாயோர் என்ற ஊரில் மக்கள் மாதக்கணக்காக உட்கார்ந்து காகிதப் பூ செய்து, தெருத்தெருவாகப் பந்தல் போல் கட்டித் திருவிழா எடுக்கிறார்கள். 2021இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், முதலில் செய்யும் ஒரு பூவை அவர்கள் கையில் கொடுங்கள். வார்த்தையைவிடப் பூ நன்றாகப் பேசும்.

மல்லிகையைத் தொடாதீர்கள்

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே தோவாளைப் பூச்சந்தை இருக்கிறது. தங்கையின் தலைக்கும் வீட்டுப் பெண்களின் தலைக்கும் அங்கிருந்து வரும் பிச்சியும் மல்லிகையும்தான் வேண்டும். மணம் காகிதத்தில் வராது. தலைநிறையப் பூ வைத்த பெண் பக்கத்தில் வந்து நிற்கும்போது வரும் அந்த வாசனை இல்லாமல் நம் கல்யாணம் நிறைவதில்லை. மணமகளின் செண்டையும் உயிர்ப்பூவிலேயே வைத்துக்கொள்ளலாம். வரவேற்புக்கு மட்டும் காகிதச் செண்டு ஒன்று தயாராக இருக்கட்டும். உயிர்ப்பூ செய்ய முடியாததைச் செய்யத்தான் காகிதம்: வாடாமல் நிற்க, முன்கூட்டியே தயாராக இருக்க, பிறகு நினைவாக எடுத்துவைக்க.

எந்தக் காகிதம்?

பள்ளித் தோரணத்துக்கு வாங்கும் மெல்லிய க்ரேப் இதற்குப் போதாது. கைச்சூட்டிலேயே சுருக்கம் தளர்ந்து இதழ் தொய்ந்துவிடும். கைவினைப் பொருள் கடைகளிலும் இணையத்திலும் 180 கிராம் இத்தாலிய க்ரேப் என்று கேளுங்கள். ஒரு சுருள் 50 செ.மீ. அகலம், இரண்டரை மீட்டர் நீளம் இருக்கும். நன்றாக இழுபடும், குழித்த வடிவம் குழித்தபடியே நிற்கும். செண்டு ரோஜாவுக்கு இதுதான் சரி. கோட்டுப் பூ, தலைவளையம் போன்ற சின்ன வேலைக்கு 90 முதல் 100 கிராம் வரை உள்ளது மென்மையாக இருக்கும், எடையும் குறையும்.

பெரிய ரோஜா ஒன்றுக்கு 5 செ.மீ.க்கு 7 செ.மீ. அளவில் 15 இதழ் என்று வைத்துக்கொண்டால், வெட்டுச் சேதம் போக ஒரு சுருளில் ஏறத்தாழ 20 ரோஜா வரும். செண்டுக்கு ஏழு ரோஜா வீதம் மூன்று செண்டுக்கு 21 வேண்டும். அதனால் ஒரே நிறத்தில் இரண்டு சுருளை ஒரே நேரத்தில் வாங்கிவிடுங்கள். பிறகு போய் வாங்கினால் நிறம் ஒரு சாயல் மாறிவிடலாம்.

இலைக்கும் விரிந்த இதழ்களுக்கும் கைவினைக் காகிதம் அழகு. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் காகிதப் பட்டறை 1959 முதல் பருத்தித் துணித் துண்டுகளிலிருந்து காகிதம் செய்துவருகிறது. அந்த வகைக் காகிதம் க்ரேப் போல இழுபடாது. ஆனால் லேசாக ஈரப்படுத்தி விரலால் வளைத்து உலரவிட்டால் அந்த வளைவு அப்படியே நிற்கும்.

வெள்ளையில் சாயக் கவலையே இல்லாமல் பூ வேண்டுமென்றால் நெட்டியைப் பாருங்கள். நீர்நிலைகளில் வளரும் செடியின் தண்டுச் சோறு அது. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தானாகவே தந்த வெண்மை, இறகு போன்ற எடை. பிள்ளைகளின் தலைவளையத்தில் நெட்டிப் பூ நான்கைந்தைக் காகிதப் பூக்களோடு கலந்து வைத்தால் வளையமும் பாரமாக இருக்காது.

சாயம் இறங்குமா?

இறங்கும். க்ரேப் காகிதத்தின் நிறம் ஈரம் பட்டால் கசியும், அடர்ந்த சிவப்பும் ஊதாவும் மோசமாகக் கசியும். வெள்ளைப் பட்டில் ஒரு துளி பட்டாலும் போகாது. அதனால் வாங்கிய உடனே ஒரு சோதனை செய்யுங்கள். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, காகிதத் துண்டின்மேல் வைத்து ஒரு நிமிடம் அழுத்துங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்தக் காகிதம் மணமகளின் பக்கமே போகக் கூடாது. கோட்டுப் பூவிலும் அதை உள்ளிதழாக மட்டும் வையுங்கள். தங்கைக்கும் தோழிப்பெண்களுக்கும் தந்தம், சந்தனம், வெளிர் ரோஸ், பீச் போன்ற மெல்லிய நிறங்கள் போதும். பளிச்சென்ற வெள்ளையையும் தவிர்க்கலாம். பட்டின் வெண்மை எப்போதும் சற்று மஞ்சள் ஏறியதாகவே இருக்கும். அதன் பக்கத்தில் பளிச்சென்ற வெள்ளைக் காகிதம் பிளாஸ்டிக் போலத் தெரியும்.

தலை எண்ணெயும் காகிதத்துக்குப் பகை. எண்ணெய் ஊறிய இதழ் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவிக் கறையாக நிற்கும். தலையில் படும் ஒவ்வொரு பூவுக்கும் அடியில் வட்டமாக வெட்டிய ஃபெல்ட் துணி ஒட்டுங்கள். கூந்தலில் படுவது துணியாக இருக்கட்டும்.

ரோஜா செய்யும் முறை

தோட்டத்து ரோஜா ஒன்றைப் பறித்து, இதழ் இதழாகப் பிரித்து, உள்ளே இருந்தது முதல் வெளியே இருந்தது வரை வரிசையாக ஒரு தாளில் வைத்து வரைந்துகொள்ளுங்கள். அதுதான் உங்கள் மாதிரி. உள்ளிதழ் சிறியதாகவும் குறுகலாகவும், வெளியிதழ் அகன்று நுனியில் சற்றே பிளந்தும் இருப்பதை அப்போது காண்பீர்கள். எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டும் தவறு அதோடு நின்றுவிடும்.

க்ரேப்பின் கோடுகள் இதழின் அடியிலிருந்து நுனிக்கு ஓட வேண்டும். குறுக்கே வெட்டினால் இதழ் குழியாது. வெட்டிய இதழின் நடுவில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து மெதுவாக வெளிப்பக்கம் இழுத்தால் கிண்ணம் போல் குழியும். மேல் விளிம்பைப் பென்சிலில் சுற்றி வெளிப்பக்கம் சுருட்டுங்கள்.

நடுவுக்கு, கம்பியின் நுனியை வளைத்துச் சிறு பஞ்சு உருண்டையைப் பசையோடு பொருத்துங்கள். பஞ்சு தெரியாதபடி மூன்று சிறிய இதழ்களை இறுக்கமாகச் சுற்றுங்கள். அடுத்த சுற்றில் ஐந்து, அதற்கடுத்து ஏழு. ஒவ்வொரு இதழும் முந்திய இரண்டின் இடைவெளியை மூட வேண்டும். கடைசியில் பச்சைக் காகிதத்தில் ஐந்து புல்லிகள். ரோஜாவுக்கு வழக்கமாக ஐந்துதான். பிறகு ஃப்ளோரல் டேப்பால் அடியிலிருந்து காம்புவரை சுற்றுங்கள். அது மெழுகு பூசிய காகிதப் பட்டை, இழுத்துச் சுற்றினால்தான் ஒட்டும். பலர் இழுக்காமல் சுற்றிவிட்டு டேப் சரியில்லை என்பார்கள்.

கம்பி வாங்கும்போது எண் கூடினால் கம்பி மெலியும் என்பதை நினைவில் வையுங்கள். செண்டின் காம்புக்கு 18, கோட்டுப் பூவுக்கு 22 அல்லது 24, சிறு மொட்டுக்கும் இலைக்கும் 26.

மூன்றில் ஒரு பங்கு ரோஜாவை முழுதாக விரிக்காதீர்கள். சிலவற்றை அரை மலர்ச்சியில் நிறுத்துங்கள், சிலவற்றை மொட்டாகவே விடுங்கள். செண்டுக்கு உயிர் வருவது இதில்தான்.

நம் பூக்களையும் சேருங்கள்

ரோஜா மட்டும் போதாது. நந்தியாவட்டைக்கு ஐந்தே இதழ், எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பியிருக்கும். செய்ய எளிது, வெண்மையும் பிள்ளைகளுக்குப் பொருந்தும். பவளமல்லிக்கு வெள்ளை இதழும் செம்மஞ்சள் காம்பும். இரண்டு நிறம் ஒரே பூவில் வருவதால் கோட்டில் அழகாகத் தெரியும். போகன்வில்லாவை நிஜப் பூவென்றே நினைப்பார்கள், அதன் இலைகளே காகிதம் போன்றவை என்பதால். மூன்று நிற இலைகளும் நடுவில் மூன்று சிறு வெள்ளைக் குழல்களும் செய்தால் போதும்.

உங்கள் தோவாளையில் அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடித்துக் கட்டும் மாணிக்க மாலையை நின்று பாருங்கள். பூவை மடித்துக் கோணமாக அடுக்கும் அந்த ஒழுங்கு காகிதத்துக்கும் பொருந்தும். மணமகளின் வரவேற்புச் செண்டின் கைப்பிடியைச் சுற்றி அதேபோல் மடித்த சிவப்பு வெள்ளைக் காகிதப் பட்டை ஒன்று வைத்தால், அது உங்கள் ஊர்ச் செண்டு என்று பார்த்த உடனே தெரியும். சிவப்பைச் சோதித்துப் பார்த்துவிட்டு வையுங்கள்.

ஒவ்வொன்றாக

கோட்டுப் பூ: மொத்த நீளம் எட்டு முதல் பத்து செ.மீ. ஒரு சிறு ரோஜா அல்லது இரண்டு பவளமல்லி, இரண்டு இலை, போதும். இடப்பக்கக் காலரில், காம்பு கீழே நோக்கி. எட்டுப் பேருக்குப் பத்துச் செய்யுங்கள். அணைப்பில் ஒன்றிரண்டு நசுங்கத்தான் செய்யும். பின் குத்துவதே நல்லது. காந்தப் பிடிப்பு வசதியாகத் தெரிந்தாலும், பெரியவர்களில் யாராவது இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்திருந்தால் காந்தம் கூடவே கூடாது.

பிள்ளைகளின் தலைவளையம்: ஐந்து வயதுக் குழந்தையின் தலைச்சுற்று ஏறத்தாழ 50 செ.மீ. வளையத்தை முழு வட்டமாக மூடாதீர்கள். பின்பக்கம் திறந்துவிட்டு இரு முனையிலும் ரிப்பன் கட்டினால் தலைக்கேற்பக் கட்டிக்கொள்ளலாம். கம்பி முனைகளைத் திருப்பி மடித்து, டேப் சுற்றி, அதன்மேல் ரிப்பன் சுற்றுங்கள். உள்பக்கத்தை உங்கள் உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து, எங்கும் உரசவில்லை என்று உறுதியான பிறகே குழந்தைக்குப் போடுங்கள். முன்பக்கத்தில் மட்டும் பூ வைத்தால் போதும். பாரமானால் பிள்ளை கழற்றி எறிந்துவிடும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை என்றால் முத்து, மணி எதுவும் வேண்டாம், பிடுங்கி வாயில் போட்டுக்கொள்ளும்.

தோழிப்பெண்களின் செண்டு: விட்டம் 20 செ.மீ.க்கு மேல் போனால் சேலைக் கொசுவத்தை மறைத்துவிடும். ஏழு ரோஜா, நாலைந்து மொட்டு, நந்தியாவட்டை கொஞ்சம், இலை. கைப்பிடியில் எல்லாக் கம்பிகளையும் சேர்த்துக் கட்டி ரிப்பன் சுற்றுங்கள். கைவியர்வையில் ரிப்பன் நனையும் என்பதால் அதன் சாயத்தையும் சோதியுங்கள். மணம் வேண்டுமென்றால் காகிதத்தில் சென்ட் தெளிக்காதீர்கள், கறை படியும். அன்று காலையில் கைப்பிடியின் உள்ளே இரண்டு மரிக்கொழுந்துக் கொத்தை ஈரம் துடைத்துவிட்டுச் செருகுங்கள். மணம் சாயங்காலம் வரை இருக்கும்.

தலையில் செருகும் ஒற்றைப் பூ: சீப்பு கிளிப் அல்லது யூ பின்னில் கட்டுங்கள். பின்னியோ கொண்டை போட்டோ இருக்கும் முடியில் மட்டும் நிற்கும். ஒரு கிளிப்பில் ஒரு பெரிய பூ அல்லது மூன்று சிறிய பூ, அதற்கு மேல் வேண்டாம்.

வெயில், மழை, மெழுகுவர்த்தி

இதழுக்கு ஃபெவிகால் போதும், ஊசிமுனையளவு வையுங்கள். ஹாட் க்ளூவை ஃபெல்ட் ஒட்டவும் கிளிப் பொருத்தவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் கதவடைத்து நிறுத்திய காருக்குள் அது இளகிப் பூ நகர்ந்துவிடும். எந்தப் பூவையும் காரில் விட்டுப் போகாதீர்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் மே மாதத்திலேயே கோடை மழை வரலாம், ஜூன் தொடங்கினால் பருவமழை. காற்றின் ஈரத்திலேயே சுருட்டிய விளிம்பு தளரும். வெளியில் படம் எடுக்கப்போகும் பூக்களின்மேல் பளபளப்பில்லாத வார்னிஷ் ஸ்ப்ரேயை ஓர் அடி தூரத்திலிருந்து மெல்லியதாக ஒரு முறை அடியுங்கள். முதலில் ஒரு துண்டில் அடித்து நிறம் மாறவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். செய்து முடித்தவற்றை அட்டைப் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். ஒன்றின்மேல் ஒன்று அடுக்காதீர்கள்.

தீயைப் பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். க்ரேப் காகிதம் சட்டென்று பற்றும். பீடத்து மெழுகுவர்த்தியைத் தம்பதி ஏற்றும்போது செண்டை இன்னொருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். வரவேற்பில் குத்துவிளக்கு ஏற்றினால் அதற்கும் இதே கட்டுப்பாடு. பிள்ளைகள் இருவரும் தீயருகே போகாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைக் குறித்துவிடுங்கள்.

எப்போது தொடங்குவது?

பழகிய பிறகும் பெரிய ரோஜா ஒன்றுக்கு அரை மணி நேரம் என்று கணக்கு வையுங்கள், சின்னப் பூவுக்குக் கால் மணி. 21 ரோஜாவும், 10 கோட்டுப் பூவும், தலைவளையங்களுக்கு 18 சின்னப் பூவும் என்றால் பூ செய்ய மட்டுமே பதினேழு, பதினெட்டு மணி நேரம். இலை, மொட்டு, கட்டுவேலை சேர்ந்தால் முப்பதைத் தொடும். தங்கையின் வரவேற்புச் செண்டும் சேர்ந்தால் இன்னொரு நாலைந்து மணி. தினமும் மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதனால் கோவிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசிக்கும்போது உங்கள் பூக்களில் பெரும்பகுதி பெட்டியில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகான மூன்று வாரமும் வீடு உங்களை வேலை செய்யவிடாது.

ஒரே நாளில் ஒரே வேலை என்று பிரித்துக்கொண்டால் வேகம் வரும். ஒரு நாள் வெட்டுவது, ஒரு நாள் குழிப்பது, ஒரு நாள் கட்டுவது. வெட்டுவதற்குச் சித்தி மகளையும் தோழிப்பெண்களையும் கூப்பிடுங்கள். செண்டு பிடிக்கப்போகிறவர்களே இதழ் வெட்டியிருந்தால் அதைப் பிடிக்கும் விதமே வேறாக இருக்கும். ஆனால் இதழைச் சுற்றிப் பூவாக்கும் வேலை ஒரே கையில் இருக்கட்டும். ஆளுக்கு ஆள் பூவின் முகம் மாறும்.

இந்த வாரம் முழு வேலையையும் தொடங்க வேண்டாம். ஒரு கோட்டுப் பூ, ஒரு தலைவளையம், ஒரு செண்டு, ஒவ்வொன்றில் ஒன்று மட்டும் செய்யுங்கள். கோட்டுப் பூவை அப்பாவின் சட்டையில் குத்தி ஞாயிறு பூசைக்கு அனுப்புங்கள். வளையத்தைக் குழந்தையின் தலையில் வைத்து ஒரு மணி நேரம் விளையாட விடுங்கள். செண்டைத் தோழிப்பெண் ஒருத்தியின் கையில் கொடுத்து, வெயிலில் நடந்து வரச் சொல்லுங்கள். எது கழன்றது, எது உரசியது, எது கறை பட்டது என்று எழுதி, மாதிரியைத் திருத்துங்கள். அதன் பிறகு மீதிப் பூக்களைச் செய்தால் ஒன்றையும் திரும்பப் பிரிக்க வேண்டியிருக்காது.

அந்த முதல் செண்டை அம்மாவிடமும் கொடுத்து, எந்த நிறம் கூடியிருக்கிறது, எங்கே குறைகிறது என்று கேளுங்கள். எத்தனையோ கல்யாணத்தில் பூப் பார்த்துத் தேர்ந்தெடுத்த கண் அது. அவர்கள் சொல்லும் திருத்தத்தைச் செய்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். வேலையில் அவர்களுடைய தீர்ப்பும் சேர்ந்துவிட்டால், கல்யாண வீட்டுக்கு வருகிறவர்களிடம் இது எங்கள் வீட்டில் செய்த பூ என்று முதலில் சொல்லப்போவது உங்கள் அம்மாதான்.